கினிப் பன்றி வளர்க்கப் போகிறீர்களா? கூண்டுக்கு முன்னால் உலர்புல்லைத் தேடுங்கள்

நான் முதலில் குட்டிகளைக் கொண்டுவந்தேன். பிறகு அவசரமாக ஒரு கூண்டு வாங்கினேன். உலர்புல்லைப் பற்றி யோசித்தது மூன்றாவது வாரம். இந்த வரிசை முழுக்கத் தலைகீழ் என்பது எனக்குப் புரிந்தபோது ஒரு குட்டி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தது, வாயோரம் எச்சில் வழிந்து தாடை நனைந்திருந்தது, மருத்துவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டுக் கடைவாய்ப் பற்கள் கூராக வளர்ந்து நாக்கைக் கிழிக்கின்றன என்றார். புல் போதவில்லை, கொடுத்த புல்லும் பூசணம் பிடித்தது, அதனால்தான் அது ஒதுக்கியிருக்கிறது. அது பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த இரண்டு வாரம் ஊசி போடும் சிரிஞ்சில் கூழ் நிரப்பி மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டியதை நான் மறக்கவில்லை. உங்களுக்கு அது வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கினிப் பன்றியின் பற்கள், முன்பற்களும் கடைவாய்ப் பற்களும், சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தேய்ப்பது நீளமான நார்ப்புல்லை மணிக்கணக்காக மெல்லும் வேலைதான். குடலும் அப்படித்தான், நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அசையும். சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்கு உலர்புல்லாக இருக்க வேண்டும், எந்த நேரமும் அது எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஆகவே கூண்டு என்பது புல் வைக்கும் இடத்தைச் சுற்றி அமைவது. அந்தக் கோணத்தில் பார்த்தால் மற்ற முடிவுகள் சுலபமாகிவிடும்.

1. எந்தப் புல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

முதல் பொறி நம் மொழியிலேயே இருக்கிறது. "காய்ந்த புல்" என்று கேட்டால் பலர் வைக்கோலைக் காட்டுவார்கள். வைக்கோல் என்பது கதிர் அடித்த பிறகு மிஞ்சும் தாள். அதில் சத்து மிகக் குறைவு, தண்டு முரடு, கண்ணிலும் வாயிலும் குத்தும். நமக்கு வேண்டியது பச்சையாக இருக்கும்போதே அறுத்து, பச்சை நிறமும் வாசனையும் போகாமல் உலர்த்திய புல். கடைக்காரரிடம் "உலர்புல், வைக்கோல் இல்லை" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் "ஹே" என்றால் புரியும்.

அடுத்த பொறி குதிரை மசால். கடைகளில் ஆல்ஃபால்ஃபா என்று எழுதியிருப்பது இதுதான். இலை நிறைய இருக்கும், வாசனை பிரமாதமாக இருக்கும், குட்டிகள் ஓடிவந்து தின்னும், அதைப் பார்த்து நாமும் மகிழ்ந்துபோவோம். ஆனால் இது புல்லே இல்லை, பயறு வகையைச் சேர்ந்த செடி. சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அதிகம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கும், சினையாக இருப்பவற்றுக்கும், பால் கொடுப்பவற்றுக்கும் மற்றப் புல்லோடு கலந்து கொடுக்கலாம். வளர்ந்தவற்றுக்கு அன்றாட உணவாகக் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் வரும் ஆபத்து கூடும்.

வளர்ந்தவற்றுக்கு டிமோத்தி புல்தான் பரவலாகச் சொல்லப்படுவது. அது ஒன்றுதான் வழி என்று நினைத்து மலைக்க வேண்டாம். ஆர்ச்சர்டு புல், பலவகை புல் கலந்த மேய்ச்சல் நிலப் புல், ரோட்ஸ் புல், பெர்முடா என்ற பெயரில் விற்கும் அருகம்புல், பால் பிடிக்கும் முன் அறுத்த ஓட்ஸ் புல் எல்லாமே சரிதான். உங்களுக்குத் தடையில்லாமல், நல்ல நிலையில், மாதாமாதம் கிடைக்கும் புல் எதுவோ அதுவே உங்கள் புல். ஒரே வகையை நம்பியிருக்காமல் இரண்டு வகைக்குப் பழக்கிவைப்பது இன்னும் நல்லது. ஒன்று கிடைக்காத மாதத்தில் இந்தப் பழக்கம் காப்பாற்றும்.

பையில் முதல் அறுவடை, இரண்டாம் அறுவடை என்று போட்டிருப்பார்கள். முதலாவதில் தண்டு அதிகம், பல்லுக்கு நல்ல வேலை கொடுக்கும். இரண்டாவது இலையும் தண்டும் கலந்தது, பெரும்பாலானவை இதை விரும்பித் தின்னும். மூன்றாவது மென்மையானது, சாப்பிட அடம்பிடிக்கும் வயதானவற்றுக்கு உதவும். தெரியாத நிலையில் இரண்டாவதில் தொடங்குங்கள்.

2. எவ்வளவு வாங்குவது, எப்போது வாங்குவது

ஒரு கினிப் பன்றிக்கு ஒரு நாளைக்கு அதன் உடம்பு அளவுக்கு ஒரு குவியல் என்பது எளிய கணக்கு. எடை போட்டு எழுதிவைத்தபோது என் வீட்டில் இரண்டுக்குமாக மாதம் மூன்றரை கிலோ போனது. இதில் நல்ல பங்கு தின்றது இல்லை, மிதித்ததும் படுத்ததும் நனைத்ததும்தான். அந்த வீண் சகஜம், அதைக் குறைக்கிறேன் என்று புல்லை அளந்து வைக்காதீர்கள்.

முதல் தடவை பெரிய மூட்டை வாங்கவே வாங்காதீர்கள். கிலோவுக்கு விலை குறைவு என்று ஆசையாக இருக்கும், எனக்கும் இருந்தது, அதில் பாதியைத் தூக்கிக் கொட்டினேன். முதலில் இரண்டு வேறு விற்பனையாளர்களிடம் ஒவ்வொரு கிலோ வாங்கி, உங்கள் பிள்ளைகள் எதைத் தின்கின்றன என்று பத்து நாள் பாருங்கள். பிறகு ஒரு மாதத்துக்கானது வாங்குங்கள். காற்றில் ஈரம் அதிகமான இடத்திலோ பருவத்திலோ இருக்கிறீர்கள் என்றால் ஒரு மாதம்தான் எல்லை. வறண்ட இடமாக இருந்து, நல்ல காற்றோட்டமுள்ள அறையும் இருந்தால் பெரிய பொதி வாங்கலாம், சரியாக வைத்த புல் பல மாதம் கெடாது.

புல் பாதியாகும் அன்றே அடுத்ததற்குச் சொல்லிவிடுங்கள். தீர்ந்த பிறகு தேடினால் கையில் கிடைத்ததை வாங்க வேண்டிவரும், மேலும் இவை புது வாசனைப் புல்லை ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளாது. பழைய புல்லோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஏழு முதல் பத்து நாளில் மாற்ற வேண்டும். அந்தப் பத்து நாளுக்கான பழைய புல் கையில் இருக்க வேண்டும் என்றால் முன்கூட்டியே திட்டமிட்டே ஆக வேண்டும்.

3. பை வந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்

இதைச் செய்யாமல்தான் நான் மாட்டினேன். வெளிச்சத்தில் பையைத் திறந்து, முதலில் மூக்கை வையுங்கள். நல்ல புல் இனிப்பான பச்சை வாசனை அடிக்கும். மக்கிய நெடியோ, பூட்டிக்கிடந்த பழைய பெட்டி நெடியோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு கையை நடுவரை விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரமாகவோ வெதுவெதுப்பாகவோ இருந்தால் அது கெடத் தொடங்கிவிட்டது. மேலே அழகாக இருக்கும் பைகூட நடுவில் கறுத்திருக்கும்.

ஒரு கைப்பிடி எடுத்து உதறுங்கள். கொஞ்சம் தூசி வருவது சாதாரணம். சாம்பல் நிறத்திலோ வெள்ளையாகவோ மாவு போல எழும்பினால் அது பூசணத் தூள். புல் இழை விரல் நீளத்துக்காவது இருக்கிறதா, பிளாஸ்டிக் கயிறு, கம்பி, முள் விதைக்கதிர், இறகு, செத்த பூச்சி கலந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறம் வெளிறிப் பழுப்பாக இருந்தால் வெயில் பட்டது. அது விஷமில்லை, ஆனால் சத்தும் சுவையும் போயிருக்கும்.

ஒரு ஓரத்தில் மட்டும் பூசணம் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு மற்றதைக் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. முழுப் பையும் போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் மற்ற இடங்களிலும் பரவியிருக்கும், இவற்றின் நுரையீரல் மிக மென்மையானது. கழுவி உலர்த்துவதும் உதவாது, நனைந்த புல் இன்னும் வேகமாகப் பூக்கும்.

திறக்கும்போதே செல்போனில் இரண்டு படம் எடுத்துவையுங்கள், ரசீதையும் பையில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டையும் தூக்கி எறியாதீர்கள். பணம் திரும்பக் கேட்கும்போது இந்த மூன்றும் இல்லாமல் நான் வாயடைத்து நின்றேன்.

4. புல்லை எங்கே, எப்படி வைப்பது

ஈரம், நேர் வெயில், மூடிய காற்று இந்த மூன்றும்தான் எதிரிகள். புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, புல்லைப் பிளாஸ்டிக் பையில் கட்டி இறுக்கிக் காற்றுப்புகாமல் வைப்பது. மசாலாப் பொடிக்கு அது சரி. உலர்புல்லில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும், அது வெளியேற வழியில்லை என்றால் பையின் உள்பக்கம் வியர்க்கும், இரண்டு வாரத்தில் பூசணம்.

நான் இப்போது வைக்கும் முறை இது. மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டி, அதன் நான்கு பக்கமும் மேல்பகுதியில் துளைகள் போட்டு, எலி நுழையாதபடி உள்ளே கம்பிவலை ஒட்டியிருக்கிறேன். தொட்டி நேராகத் தரையில் இல்லை, பலகையின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. புல்லை அமுக்கி அடைக்காமல் தளர்வாகப் போடுகிறேன். எலித் தொல்லை இல்லாத வீட்டில் துளைபோட்ட அட்டைப்பெட்டியோ பருத்திப் பையோ சணல் சாக்கோ போதும், செலவே இல்லை. எதுவானாலும் மேலே வாங்கிய தேதியை எழுதுங்கள், பழையதை முதலில் எடுங்கள்.

குளியலறைக்குப் பக்கத்து மூலை வேண்டாம், நீராவி வரும் இடம் வேண்டாம், துணி காயப்போடும் அறை வேண்டாம். அடுப்பு, விளக்கு, மின்சுவிட்சுப் பெட்டி இவற்றின் பக்கத்தில் கட்டாயம் வேண்டாம். உலர்புல் நொடியில் பற்றிக்கொள்ளும் பொருள் என்பதை வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

சிறு பூச்சிகள் வந்தால் மருந்து அடிக்காதீர்கள். ஈரமில்லாத புல் என்றால் சிறு சிறு பைகளாகக் கட்டி இரண்டு மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, பை சாதாரண வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்து, காற்றில் ஆறவிட்டுக் கொடுக்கலாம். பூச்சி கொத்தாக இருந்தால் மொத்தத்தையும் தூக்கிவிடுவதே மேல்.

வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ தூசி ஒவ்வாமையோ இருந்தால் குட்டிகளைக் கொண்டுவரும் முன்பே ஒரு பை புல்லை வாங்கி ஒரு வாரம் வீட்டில் கையாண்டு பாருங்கள். பலருக்குப் பிராணியின் முடி ஒத்துக்கொள்ளும், புல் ஒத்துக்கொள்ளாது. அது தெரியவரும்போது அந்தப் பிராணியை வேறு வீட்டுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும், அதைவிட வேதனை இல்லை.

5. குறைந்தது இரண்டு வாங்குங்கள், ஆனால் ஆணா பெண்ணா என்று உறுதி செய்த பிறகு

கினிப் பன்றி கூட்டமாக வாழும் பிராணி. ஒன்றைத் தனியாக வைத்தால் நாம் எவ்வளவு கொஞ்சினாலும் அது சோர்ந்துபோகும். இரண்டு பெண், அல்லது கருத்தடை செய்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அல்லது இடம் தாராளமாக இருந்தால் இரண்டு ஆண். இரண்டு ஆண்களோடு நடுவில் ஒரு பெண்ணை விட்டால் சண்டைதான்.

கடையில் சொல்வதை நம்பி வந்துவிடாதீர்கள், முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். ஆண் குட்டி மூன்று வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும், பெண் குட்டி நான்கு வாரத்தில் சினைப்படலாம். சினைக்காலம் 59 முதல் 72 நாள். முதல் பேறு ஏழெட்டு மாத வயதுக்குப் பிறகு வந்தால் இடுப்பெலும்பு இணைப்பு விரிந்துகொடுக்காமல் தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். இது தெரியாமல் நடக்கும் மரணங்கள் நிறைய.

முயலோடு சேர்த்து வைக்காதீர்கள். முயலின் ஒரு உதையே எலும்பை முறிக்கும், தவிர முயலுக்கு நோய் தராமல் அதன் மூக்கில் இருக்கும் போர்டெட்டெல்லா என்ற கிருமி இவற்றுக்கு நிமோனியாவைக் கொடுக்கும். ஏற்கெனவே கினிப் பன்றி இருக்கும் வீட்டுக்குப் புதிதாக ஒன்று வந்தால் இரண்டு மூன்று வாரம் வேறு அறையில் வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள்.

6. கூண்டு: உயரம் வேண்டாம், நீளமும் அகலமும்தான்

கடைகளில் "கினிப் பன்றிக் கூண்டு" என்று விற்பதில் பெரும்பாலானவை ஒன்றுக்குக்கூடப் போதாது. இவை ஏறும் பிராணி அல்ல, ஓடும் பிராணி. மாடி மாடியாக இருக்கும் கூண்டு நம் கண்ணுக்கு அழகு, அவற்றுக்குப் பயனில்லை. இரண்டுக்குக் குறைந்தது 7.5 சதுர அடி ஒரே தளமாக வேண்டும், 10 சதுர அடி என்றால் நிம்மதி. ஆண் ஜோடி என்றால் அந்தப் பத்தைக் குறைக்காதீர்கள்.

மலிவான வழி, அலமாரி கட்டப் பயன்படும் 14 அங்குல கம்பிவலைச் சதுரங்களை இணைத்து நீங்களே கட்டுவது. நீளத்துக்கு நான்கு, அகலத்துக்கு இரண்டு வைத்தால் ஏறத்தாழ 140 செ.மீ.க்கு 70 செ.மீ. கிடைக்கும். அடியில் நெளிவுள்ள பிளாஸ்டிக் அட்டையை விளிம்பு 15 செ.மீ. உயரும்படி மடித்துப் பெட்டி போல வையுங்கள், புல்லும் புழுக்கையும் வெளியே சிதறாது. விளம்பரப் பலகை செய்கிறவர்களிடம் இந்த அட்டை கிடைக்கும். வாங்கும்போது வலையின் ஓட்டை அகலத்தை அளந்து பாருங்கள், ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் குட்டியின் தலை நுழைந்து மாட்டிக்கொள்ளும். பூனையோ நாயோ வீட்டில் இருந்தால் மேலேயும் மூட வேண்டும்.

தரை கம்பியாக இருக்கவே கூடாது. பாதம் புண்ணாகி எலும்புவரை போகும், ஆறுவதற்கு மாதக்கணக்கு ஆகும். சுற்றும் சக்கரமும் உருட்டுப் பந்தும் முதுகெலும்புக்குக் கேடு, இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒளிந்துகொள்ள ஒன்றுக்கு ஒன்று வீதம் மறைவிடம் கட்டாயம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் இருக்கட்டும். ஒரே வாசல் இருந்தால் பலமானது வாசலில் உட்கார்ந்துகொண்டு மற்றதை உள்ளேயே சிறை வைக்கும். அட்டைப்பெட்டியில் இரண்டு ஓட்டை போட்டாலே போதும்.

இடம் எது? 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை இவற்றுக்குச் சுகம். 27-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும், இவற்றால் வியர்த்து உடம்பைத் தணித்துக்கொள்ள முடியாது. வெயில் நேராக விழும் ஜன்னல், சமையல் புகை, சத்தமான தொலைக்காட்சி இவற்றிலிருந்து தள்ளி, ஆனால் வீட்டார் நடமாடும் இடத்தில் வையுங்கள். ஒதுக்குப்புற அறையில் வைத்தால் நோய் வந்தது தெரியாமல் போய்விடும். வெயில் நாளில் தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துண்டில் சுற்றி ஓரத்தில் வைக்கலாம், மின்விசிறிக் காற்று நேராக அவற்றின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு காலையும் பரப்பிப் படுத்து வேகமாக மூச்சுவாங்கினால் வெப்பம் தாக்கிவிட்டது. காதையும் பாதத்தையும் குளிர்ந்த நீரால் ஒற்றி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள், ஒரு குறுஞ்செய்தியாக இருந்தாலும் போதும். வாய்ச்சொல் மறந்துபோகும்.

7. விரிப்பும் புல் மூலையும்

கூண்டு முழுக்கப் புல்லைப் பரப்பினால் இரண்டே நாளில் எல்லாம் நனைந்து அம்மோனியா நெடி கிளம்பும், அந்த நெடி நேராக நுரையீரலைத் தாக்கும். இவற்றிடம் ஒரு வசதியான பழக்கம் உண்டு, தின்றுகொண்டே புழுக்கை போடும், தின்னும் இடத்திலேயே சிறுநீரும் கழிக்கும். ஆகவே புல் இருக்கும் மூலையையே கழிப்பிடமாக்கிவிடுங்கள். பத்து செ.மீ. விளிம்புள்ள அகலமான தட்டு, இரண்டும் சேர்ந்து உட்காரும் அளவு. அடியில் காகித விரிப்போ வெப்பத்தில் உலர்த்திய மரக் குருணையோ ஓரங்குலம், அதன் மேல் தாராளமாகப் புல். தினமும் இந்தத் தட்டை மட்டும் மாற்றினால் மீதிக் கூண்டு பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். என் வீட்டில் நெடி போனது இந்த ஒரு மாற்றத்தால்தான்.

மீதித் தரைக்கு ஃப்ளீஸ் துணி, அதாவது கம்பளி போல மென்மையான செயற்கை இழைத் துணி, நல்லது. ஆனால் புதுத் துணியை அப்படியே விரித்தால் தண்ணீர் மேலேயே நிற்கும். துணி மென்மையாக்கி போடாமல் மூன்று நான்கு முறை சூடான நீரில் துவைத்த பிறகுதான் ஈரத்தைக் கீழே விடும், அதற்கு அடியில் உறிஞ்சும் துண்டு இருக்க வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், இரண்டு ஜோடி இருந்தால் ஒன்று காயும்போது மற்றது உதவும். துவைப்பதற்கு முன் வெளியே கொண்டுபோய் உதறி, ரப்பர் தூரிகையால் புல்லைத் தள்ளி, வலைப்பையில் கட்டி இயந்திரத்தில் போடுங்கள். இல்லையென்றால் புல் வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும்.

தேவதாரு மரத்தூளும், பதப்படுத்தாத பைன் மரத்தூளும் வேண்டாம். அந்த மணமே மூச்சுக்கும் ஈரலுக்கும் கேடு. எந்த மரமாக இருந்தாலும் மெல்லிய ரம்பத்தூள் வேண்டாம்.

புல் தாங்கிகளில் கவனம் வேண்டும். கம்பிப் பந்து போன்றவற்றில் தலை மாட்டும், பெரிய ஓட்டையுள்ள துணிப்பைகளிலும் மாட்டும். தாங்கி உயரமாக இருந்தால் புல் மேலிருந்து கண்ணில் விழும். இவற்றின் கண் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் புல் குத்துவது அடிக்கடி நடக்கிறது. ஒரு கண்ணை மூடியே வைத்திருந்தாலோ, நீர் வடிந்தாலோ, கண்ணில் வெள்ளைப் படலம் தெரிந்தாலோ அன்றே காட்டுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பார்வை போகும். நான் தாங்கியையே எடுத்துவிட்டேன், தட்டில் தளர்வாகக் குவித்துவைப்பதோடு சரி. வீணாகிறது என்று சொல்வார்கள், ஆகட்டும். அந்தக் குவியலுக்குள் புகுந்து உறங்குவதைப் பார்த்தால் உங்களுக்கும் அது வீணாகத் தோன்றாது. நனைந்த பழைய புல்லையும் புழுக்கையையும் செடிகளுக்கு உரமாகப் போடலாம்.

8. புல்லுக்குப் பக்கத்தில் வேறென்ன

கினிப் பன்றியின் உடம்பு வைட்டமின் சி-யைத் தானே தயாரிக்காது, நம் உடம்பைப் போலவே. எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். குடைமிளகாய்த் துண்டும் கொத்தமல்லித் தழையும் இதற்கு நல்ல வழி. தண்ணீரில் கலக்கும் சொட்டுமருந்தை நம்பாதீர்கள், வெளிச்சத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும், தண்ணீரின் சுவை மாறி குடிப்பதையும் நிறுத்திவிடும். குருணைத் தீவனம் ஒன்றுக்கு நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும், அதற்கு மேல் கொடுத்தால் புல்லை ஒதுக்கும். விதையும் வண்ண உருண்டையும் கலந்த பாக்கெட்டுகள் வேண்டவே வேண்டாம்.

பச்சைப் புல் அருமையான உணவு, ஆனால் பழகாத வயிற்றில் திடீரென்று நிறையப் போனால் உப்பும். சிறு கைப்பிடியில் தொடங்குங்கள். புல்வெட்டும் இயந்திரம் வெட்டித்தள்ளிய புல் புளித்துவிடும், கொடுக்காதீர்கள்.

தண்ணீர்ப் பாட்டிலின் குழாய் முனையில் இருக்கும் குண்டு சிக்கியிருக்கிறதா என்று தினமும் விரலால் தட்டிப் பாருங்கள். நிறைந்த பாட்டிலைப் பார்த்துத் தண்ணீர் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

9. ஒரு நோட்டு போடுங்கள்

வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், சமையலறைத் தராசில் எடை போட்டுத் தேதியோடு எழுதுங்கள். வளர்ந்தது 700 கிராமிலிருந்து 1,200 கிராம் வரை இருக்கும். ஒரு வாரத்தில் 50 கிராம் குறைந்தால் தினமும் எடை போடத் தொடங்குங்கள், 100 கிராம் குறைந்தால் வேறு அறிகுறி எதுவும் இல்லை என்றாலும் மருத்துவரிடம் போங்கள். இவை நோயை மறைக்கும் பிராணிகள், தராசுதான் முதலில் சொல்லும். அதே நோட்டில் புல் வாங்கிய தேதி, எந்த வகை, எவ்வளவு நாள் வந்தது, நகம் வெட்டிய தேதி, கொடுத்த மருந்து எல்லாம் இருக்கட்டும். என் மருத்துவர் முதலில் கேட்டது இந்தக் கணக்கைத்தான், என்னிடம் அன்று எதுவும் இல்லை.

மருத்துவரைக் குட்டிகள் வருவதற்கு முன்பே தேடிவையுங்கள். நாய் பூனை பார்ப்பவர்கள் எல்லோரும் இவற்றைப் பார்ப்பதில்லை. போனில் கேட்கும்போது "கினிப் பன்றி எத்தனை பார்த்திருக்கிறீர்கள், கடைவாய்ப் பல் சரிசெய்வீர்களா" என்று நேராகக் கேளுங்கள். வாய்வழியாக அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்து எழுதினால், கொடுப்பதற்கு முன் நிறுத்திக் கேளுங்கள். அது குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று உயிரையே எடுத்துவிடும்.

அரை நாள் எதுவும் தின்னவில்லை, புழுக்கை சிறுத்தோ நின்றோ போயிருக்கிறது என்றால் அது அவசரம். மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டாம். பின்பக்கம் குனிந்து மென்மையான புழுக்கையைத் தானே தின்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது அவற்றின் செரிமான முறை.

10. செலவும் நேரமும்

குட்டிகளின் விலைதான் இதில் மிகச் சிறியது. ஒருமுறைச் செலவில் பெரியது கூண்டு, நீங்களே கட்டினால் பாதியாகும். மாதச் செலவில் முதலிடம் புல்லுக்கு, அடுத்து காய், விரிப்பு. இவற்றோடு மாதாமாதம் புல்லுக்கு ஆகும் தொகையைப் போல இன்னொரு பங்கை மருத்துவத்துக்கென்று தனியாக எடுத்துவையுங்கள். பல் சிகிச்சை மயக்கம் கொடுத்துச் செய்வது, ஒரே நாளில் கூண்டின் விலையைத் தாண்டிவிடும். ஐந்து முதல் எட்டு வருடம் வாழும் பிராணி, கணக்கையும் அவ்வளவு வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள்.

நேரம், காலையில் பத்து நிமிடம் புல்லும் தண்ணீரும் தட்டும், மாலையில் காய் கொடுத்துப் பதினைந்து நிமிடம், படுக்கப்போகும் முன் மறுபடி புல். வாரத்தில் ஒருநாள் முழுக் கூண்டையும் துடைக்க ஒரு மணி நேரம், வெள்ளைக்கறை படிந்த இடத்தில் நீர்த்த வினிகர் தடவி ஊறவிட்டால் போய்விடும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நகம். வெளியூர் போவதென்றால் இரண்டு நாளுக்குப் புல்லைக் குவித்து வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள், தினமும் ஒருவர் வந்து அவை தின்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவருக்கு நோட்டையும் மருத்துவரின் எண்ணையும் கொடுத்து, புல் தொட்டியின் மூடியை எப்படித் திறப்பது என்றும் ஒருமுறை காட்டிவிட்டுப் போங்கள்.

குட்டிகளைக் கொண்டுவரும் நாளுக்கு மூன்று வாரம் முன்பு புல் வாங்கிச் சோதியுங்கள், இரண்டு வாரம் முன்பு மருத்துவரிடம் பேசுங்கள், ஒரு வாரம் முன்பு கூண்டைக் கட்டி ஃப்ளீஸைத் துவைத்து விரியுங்கள். அவற்றைக் கொண்டுவரும்போது அவை அதுவரை தின்ற புல்லில் ஒரு பையும் குருணையில் ஒரு பிடியும் கேட்டு வாங்கி வாருங்கள். முதல் இரண்டு நாள் ஒளிந்தே இருக்கும். தூக்காதீர்கள். மறைவிடத்து வாசலில் ஒரு கொத்துப் புல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், இரவில் மெல்லும் சத்தம் கேட்கும்.